வீட்டுத் தோட்டம் கேள்வி பதில்: மூன்று இலையோடு நிற்கிறதே!

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். போன வருஷம் ஜூன் மாதம் கோத்தகிரியில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்து ஜப்பானிய அனிமோன் செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து வைத்தேன். சித்தி வீட்டில் அது இடுப்பு உயரம் வளர்ந்து பூத்துக் கிடக்கிறது. இங்கே மூன்று இலைக்கு மேல் வரவில்லை. வெயில் போதவில்லையோ என்று வாசல் பக்கம் மாற்றினேன். அங்கே இலை ஓரம் கருகியதால் டிசம்பரில் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. பிடுங்கிவிட்டு ரோஜா வை என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: பிடுங்க வேண்டாம் கண்ணு. மூன்று இலை பச்சையாக நிற்கிறது என்றால் மண்ணுக்குள்ளே வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் செடி முதலில் வேரைப் பார்க்கும், அப்புறம்தான் இலை, பூ எல்லாம். முதல் வருஷம் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். அந்தச் சமயத்தில் தோண்டி இடம் மாற்றினால் அது திரும்ப ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. நீங்கள் இரண்டு முறை மாற்றிவிட்டீர்கள். அதனால் உங்கள் செடிக்கு வயது ஒரு வருஷம் இல்லை, டிசம்பரிலிருந்து எண்ண வேண்டும்.

இதைப் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு செடியைக் கொன்று தெரிந்துகொண்டேன். 1991-ல் ஊட்டியிலிருந்து வந்த முதல் செடியை இரண்டு வருஷத்தில் மூன்று இடம் மாற்றினேன். மூன்றாவது இடத்தில் அழுகிப்போனது. 1996-ல் இன்னொன்று கிடைத்தது. சமையலறைக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தின் ஓரமாக வைத்தேன். அந்த வருஷம் என் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய், சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். செடியைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. மறு வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனால், ஐந்து தண்டு நீண்டு, உச்சியில் இளஞ்சிவப்புப் பூ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கழுவ வந்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் செடியின் பிள்ளைகள்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கின்றன.

பெயரில் ஜப்பான் இருந்தாலும் இதன் பிறந்த வீடு சீனா. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜப்பானுக்குப் போய் அங்கே ஊன்றிவிட்டது. இதை ஜப்பானில் பார்த்த துன்பெர்க் என்ற தாவரவியலாளர் 1784-ல் எழுதிய நூலில் இடம்பெற்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1840-களில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் ஷாங்காயிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவர் இதைப் பார்த்தது நகரத்து மதில் ஓரம், கல்லறைகளுக்கு நடுவே. அதை முதலில் படித்தபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. கல்லறை மண்ணை யார் கொத்தப் போகிறார்கள்? இந்தச் செடி கேட்பதும் அதே நிம்மதிதான்.

சரி, கிணற்றடி சரியான இடமா? வாசலைவிட நல்லது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, உச்சி வெயிலுக்கு நிழல் இருந்தால் போதும். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டிய உயரம், நம் ஏற்காடு 1,500 தான். அங்கே முழு வெயிலில் நிற்கிற செடிக்கு இங்கே கொஞ்சம் நிழல் வேண்டும். நான் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. கிணற்றடியில் வழிகிற தண்ணீர் செடியின் காலடியில் நின்றால் ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். அதற்காக மறுபடியும் தோண்டாதீர்கள்! தண்ணீர் வேறு பக்கம் போக ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள், செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி. மேலே மட்கிய இலையையோ, நன்றாக மக்கிய தொழு உரத்தையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தாங்கிவிடும். யூரியா எதுவும் வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

ஊன்றிய பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போது என்மேல் கோபப்படக் கூடாது. மூன்றாம் வருஷத்திலிருந்து இது மண்ணுக்கடியில் ஓடி, கேட்காத இடத்திலெல்லாம் முளைக்கும். பக்கத்தில் மென்மையான சின்னச் செடி எதுவும் வைக்காதீர்கள். ரோஜாவும் தள்ளியே இருக்கட்டும். ஓரத்தில் முளைப்பதைக் குட்டியிலேயே எடுத்துவிட்டால் கட்டுக்குள் இருக்கும். செடியின் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் கொடுக்கும், தின்றால் விஷம். வெறும் கையால் ஒடிக்க வேண்டாம், கன்றுக்குட்டி வாய் வைக்கிற இடத்திலும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் முதலில் வைத்த இடத்தையும் வாசலையும் கொத்தாமல் விட்டிருக்கிறீர்களா? தோண்டும்போது அறுந்து உள்ளே நின்ற வேர்த்துண்டு ஒவ்வொன்றும் செடியாக வரக்கூடியது. விரல் நீள வேரை மண்தொட்டியில் படுக்கவைத்து மெல்ல மண் மூடித்தான் நாங்கள் இதைப் பெருக்குவதே. அந்த இரண்டு இடத்தையும் இந்த மழைக்காலம் முடிய உற்றுப் பாருங்கள். திராட்சை இலை சாயலில் மூன்று பிரிவாக ஓர் இலை தெரிந்தால் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ஊட்டிக்குப் போனபோது ஓடையோரப் புல்வெளியில் வெள்ளைப் பூ ஒன்று பார்த்தேன். இதழின் பின்புறம் நீலம். அனிமோன் போலவே இருந்தது. அதுவா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஜப்பானிய அனிமோன் இல்லை, அதற்கு உறவுக்காரன். அனிமோன் ரிவுலாரிஸ் என்று பெயர், இமயமலையிலும் நம் நீலகிரியிலும் தானாக வளர்வது. இதழ் என்று நாம் சொல்வது அனிமோனில் உண்மையில் புல்லிதான், அதாவது பூவின் வெளி அடுக்கு. காட்டுச் செடி, அதன் ஓடையோரத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் அனிமோன் கிழங்கு வாங்கினேன். காய்ந்த ஆட்டுப் புழுக்கை மாதிரி பத்து வந்திருக்கிறது. எப்படி நடுவது?

பதில்: உங்களுக்கு வந்தது ஜப்பானிய அனிமோன் இல்லை ஐயா. அதற்குக் கிழங்கே கிடையாது, நாரான வேர்தான். உங்களிடம் இருப்பது அனிமோன் கரோனேரியா, மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. குளிர்ந்த மாதங்களில் வளர்ந்து, கோடையில் மண்ணுக்குள் உறங்குவது. நவம்பரில் நட்டாலும் பூக்க மூன்று மாதம் வேண்டும். அதற்குள் சேலத்தில் மாசி வெயில் மாடித் தரையைச் சுட ஆரம்பித்துவிடும். பணம் கொடுத்து வாங்கியவரிடம் இதைச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் உங்கள் மாடியில் இரண்டு அனிமோனுக்குமே நான் நம்பிக்கை தர மாட்டேன். மலையில் உறவினர் யாராவது இருந்தால் கிழங்கைக் கொடுங்கள். சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு அங்குல ஆழத்தில் நடச் சொல்லுங்கள்.

மெல்லிய தண்டில் ஆடுகிற பூதான் ஆசை என்றால் மழை லில்லி வையுங்கள். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கிடைக்கிறது, சேலத்து வெயிலைத் தாங்கும், தொட்டி சின்னதாக இருந்தாலும் போதும். நல்ல மழை ஒன்று பெய்த சில நாளில் மொட்டு எட்டிப் பார்க்கும்.