பல வருடமாக வைத்திருக்கும் மசில் காரைத் தொழிற்சாலைத் தோற்றத்துக்குக் கொண்டுவர எங்கே தொடங்குவது?

பெரிய எஞ்சின் போட்டு வேகத்துக்கென்றே செய்த பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றை நீண்ட காலமாக வைத்திருக்கிறீர்கள், அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மாற்ற ஆசை, முதலில் எதில் கை வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதம் எதிலும் கை வைக்காதீர்கள். துடைக்கக்கூட வேண்டாம். ஏன் என்பதை என் காரை வைத்தே சொல்கிறேன்.

என்னுடையது 1968 பான்டியாக் ஜி.டி.ஓ. மிச்சிகனில் படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்ந்த 1989இல், பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அவர்தான் முதல் சொந்தக்காரர். நிறம் வெர்டோரோ கிரீன். நிழலில் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும், வெயிலுக்கு வந்தால் பச்சை எழும்பி மினுங்கும். 1993இல் நான் அதைச் சிவப்பாக்கினேன். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த்தொகுதியான இன்டேக்கை அலுமினியத்தில், அந்த இரண்டையும் கலந்து தரும் கார்பரேட்டரை ஹோலியில், வீலைக் குரோமில் என்று வரிசையாக மாற்றினேன். அப்போது அதுதான் அழகு என்று நிஜமாகவே நம்பினேன்.

டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் ஆகஸ்ட் மாதம் பழைய கார்கள் ஊர்வலம் போல ஓடும். 2015இல் அங்கே ஒரு வெர்டோரோ கிரீன் ஜி.டி.ஓ. சாலையோரம் நின்றிருந்தது. அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்கு வந்து என் சிவப்புக் காரைப் பார்த்தபோது மனது கேட்கவில்லை. மறு வருடம் வேலையை ஆரம்பித்தேன். முடிக்க ஐந்து வருடம் ஆயிற்று.

முதல் வாரமே தப்பு செய்தேன். எஞ்சின் அறையின் பின்சுவரில் ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு. கிரீஸ் கரைக்கும் திரவத்தை அடித்துத் துணியால் இழுத்தேன். பிரேக் பூஸ்டருக்குக் கீழே மஞ்சளாக ஏதோ துணியோடு வந்தது. நிறுத்திவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தால், மெழுகுக் குச்சியால் கையில் எழுதிய இலக்கங்கள். 1968இல் அசெம்பிளி லைனில் நின்ற ஒரு தொழிலாளி எழுதியது. முதல் இரண்டு இலக்கம் என் துணியில் கரைந்துவிட்டது, மீதி இரண்டு நின்றது. இப்படிப்பட்ட குறிகள், போல்ட்டை முறுக்கியதற்கு அடையாளமாக வைத்த பெயின்ட் பொட்டுகள், எந்த மூலையில் பெயின்ட் தெளித்து விழுந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் உங்கள் காருக்கென்று கிடைக்காது. அழுக்குக்கு அடியில்தான் இருக்கும். அதனால் முதல் மாதம் முழுக்க போட்டோ எடுங்கள், ஒவ்வொரு கிளிப்பையும் வயர் போகும் வழியையும். சீட்டுக்கு அடியிலும் பெட்ரோல் டேங்க்கின் மேலேயும் பாருங்கள். தொழிற்சாலையில் காரோடு போன பில்ட் ஷீட், அதாவது எதெதைப் பொருத்த வேண்டும் என்ற பட்டியல், சில கார்களில் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். என் காரில் எலி தின்றது போக ஒரு ஓரம்தான் மிச்சம்.

அப்புறம் காகிதம். பான்டியாக்காக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கம்பெனியின் பழைய விற்பனைப் பதிவுகள் அழியாமல் இருக்கின்றன. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்குப் பணம் கட்டினால் உங்கள் காரின் இன்வாய்ஸ் நகலே வரும். எந்த ஆப்ஷன், எந்த நிறம், எந்த டீலர் எல்லாம் அதில் இருக்கும். ஃபோர்டு என்றால் 1967 முதலான கார்களுக்கு இதே போல விவரம் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களில் ஃபெண்டர் டேக் என்ற குறியீட்டுத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு இப்படி ஒரு வசதி இல்லாததால், கார் மேல் இருக்கும் எண்களை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அந்த எண்களை ஒழுங்காகக் குறித்து வையுங்கள். 1968 ஜி.டி.ஓ.வின் வி.ஐ.என்., அதாவது காரின் அடையாள எண், 242 என்று தொடங்கும். முதல் 2 பான்டியாக், 42 ஜி.டி.ஓ. அந்த வருடத்திலிருந்து எஞ்சினின் முக்கிய வார்ப்பான பிளாக்கிலும் வி.ஐ.என்.னின் கடைசிப் பகுதியை அடித்தார்கள். பிளாக்கின் முன்முகத்தில் இரண்டு எழுத்துக் குறியீடு இருக்கும். என்னுடையதில் டபிள்யூ.டி., அதாவது மேனுவல் கியரோடு வந்த 400 கன அங்குலம், 350 குதிரைத்திறன். ஷெவர்லே வைத்திருப்பவர்கள் ஒன்றில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுடைய எண் பிளாக்கின் மேல்தளத்தோடு ஒட்டிய திட்டில் இருக்கிறது. லேத் பட்டறையில் மேல்தளத்தைச் சமமாக்கக் கொஞ்சம் சீவினாலே எண் போய்விடும். காரின் அடையாளமே போன மாதிரி. பட்டறையில் விடும்போது வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள்.

என் காரில் அசல் எஞ்சின் தப்பித்தது, கார்பரேட்டர் தப்பவில்லை. காரோடு வந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்டை 1994இல் நாற்பது டாலருக்கு விற்றிருந்தேன். சரியான எண்ணும், கார் செய்யப்பட்ட தேதிக்குச் சற்று முந்தைய தேதிக் குறியீடும் உள்ள இன்னொன்று கிடைக்க இரண்டு வருடம் சந்தை சந்தையாக அலைந்தேன். ஆகவே கழற்றும் எதையும் விற்காதீர்கள், உடைந்திருந்தாலும்.

இனி பெயின்ட். டிக்கி மூடியின் கீலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்தேன். சிவப்பு, அதைச் சுற்றிச் சாம்பல் பிரைமர், நடுவில் பச்சை. வெயிலே படாத பச்சை. பெயின்ட் கடையில் பழைய குறியீட்டைக் கொடுத்து வாங்கிய மாதிரியை அதன் பக்கத்தில் வைத்தால் ஒரு பிடி நீலம் கூடுதலாக இருந்தது. மூன்று முறை கலக்க வைத்து அந்த வட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்தேன். குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள்.

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். இன்று அதை அடிப்பவர்கள் குறைவு, நாளாக நாளாக வெடிப்பும் விடும். நிறத்துக்கு ஒரு பூச்சு, அதன் மேல் பளபளப்புக்கு நிறமில்லாத ஒரு பூச்சு என்ற இன்றைய பேஸ் கோட், கிளியர் கோட் முறைக்கே போனேன். ஆனால் பெயின்டரிடம் ஒரு விஷயத்துக்காகச் சண்டையே போட்டேன். அவர் பட்டி பார்த்து, தேய்த்து, கண்ணாடி போல ஆக்கித் தருவதில் கெட்டிக்காரர். எனக்குக் கண்ணாடி வேண்டாம். 1968இல் அந்தக் காரின் கதவில் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி லேசான புள்ளி மேடு இருந்தது, கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு இருந்தது. 1968இல் மட்டும் எண்பத்தேழாயிரத்துக்கும் மேலான ஜி.டி.ஓ. செய்தார்கள். அந்த வேகத்தில் யாரும் ஒவ்வொரு கதவையும் நாள் முழுக்கத் தேய்க்கவில்லை. இன்று நிறையப் பேர் காரைப் புதிதாக இருந்ததைவிடப் புதிதாக்கிவிடுகிறார்கள். அது அழகுதான். நீங்கள் கேட்ட தொழிற்சாலைத் தோற்றம் அது இல்லை. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வெறும் வார்ப்பிரும்பாக இருக்கட்டும், துரு ஏறட்டும். எஞ்சினுக்கு அந்த வருட வெளிர்நீல மெட்டாலிக் மட்டும் அடியுங்கள், குரோம் வேண்டாம்.

1968 ஜி.டி.ஓ. வைத்திருந்தால் முன் பம்பர் தனிப் பாடு. எண்டுரா என்ற ரப்பர் போன்ற பொருள், காரின் நிறமே அதற்கும். வளைகிற பொருள் என்பதால் பெயின்ட்டில் நெகிழ்வுக்கு ஒரு கலவை சேர்க்காவிட்டால் விரிசல் விடும். ஃபைபர் கிளாஸில் புதிதாகக் கிடைப்பது என் காரில் சரியாக உட்காரவில்லை. பழையதையே நிரப்பிச் சரிசெய்தேன்.

டயரில் சிவப்புக் கோடு போட்டவை இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கே ஓடும் பழைய பயாஸ் வகை நெடுஞ்சாலையில் இங்கும் அங்கும் இழுக்கும், நிறைய ஓட்டுவதாக இருந்தால் இன்றைய ரேடியல் வகையில் அதே கோடு உள்ளதை வாங்குங்கள்.

உள்ளே சீட்டை நான் மாற்றவில்லை. மோரோகைட் என்று பான்டியாக் பெயர் வைத்த வினைல், இன்னும் அசல் தையல். பின் சீட்டில் ஓரிடத்தில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல் இருக்கிறது. சின்ன வயதில் என் மகள் உட்கார்ந்த குழந்தை இருக்கையின் கொக்கி உரசி உரசி வந்தது. புது உறை வாங்கி அட்டைப்பெட்டியைக்கூடப் பிரித்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது வேண்டாம்ப்பா" என்றாள். உறை இன்னும் பெட்டியில் இருக்கிறது.

உங்களுடையது எந்த மாடல், எந்த வருடம் என்று கீழே எழுதுங்கள். பான்டியாக் என்றால் பிளாக்கின் முன்முகத்தில் உள்ள இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். துடைக்காமல், டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.