ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை

வணக்கம் டீச்சர். அமெரிக்காவில் அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ரகசிய ஏற்பாடான அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு என்றதும் உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பூமிக்கடியில் ரயில் ஓடியதாக நினைத்துவிட்டார்கள், தப்புகிறவர்களுக்கு வழிகாட்ட ஒட்டுத்துணிப் போர்வையில் ரகசியக் குறி தைத்த கதையைச் செயல்பாடாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

போர்வைக் கதை வேண்டாம். அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. ‘ஸ்டேஷன்’ என்றால் ஒளித்துவைக்கும் வீடு, ‘கண்டக்டர்’ என்றால் வழிகாட்டி. இந்த இரண்டு சொல்லைச் சொன்னாலே ரயில் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம் ஹென்றி பிரவுனைச் சொல்லுங்கள். அடிமையாக இருந்தவர்; 1849இல் அடிமைமுறை இருந்த ரிச்மண்டிலிருந்து அது இல்லாத பிலடெல்பியாவுக்குத் தன்னையே மரப்பெட்டியில் வைத்துப் பார்சலாக அனுப்பிக்கொண்டவர். பெட்டி 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி 8 அங்குல உயரம். சுமார் 27 மணி நேரம், அதிலும் கொஞ்ச நேரம் தலைகீழாக. வகுப்புத் தரையில் அந்த அளவைச் சாக்பீஸால் வரையுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். யாரையும் அடிமையாக நடிக்கவைக்காதீர்கள். அடுத்தவர் பட்ட வேதனை விளையாட்டாகிவிடக் கூடாது.

என் மனசுக்கு நெருக்கமானவர் வில்லியம் ஸ்டில். பிலடெல்பியாவில் அடிமைமுறை எதிர்ப்பு அலுவலகத்தில் வேலை. 1850இல் குடும்பத்தைத் தேடி ஒருவர் அலபாமாவிலிருந்து வந்தார். விவரம் கேட்கக் கேட்க, வந்தவர், ஸ்டில் பிறக்கும் முன்பே பிரிந்துபோன சொந்த அண்ணன் பீட்டர் என்று தெரிந்தது! தப்பி வந்தவர்களின் பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் ஸ்டில் எழுதிவைத்து, ஒளித்துக் காப்பாற்றினார். 1872இல் புத்தகமாகவே போட்டார். இன்னொரு பீட்டரும் தன் வீட்டாரைக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான்.