ஆதாரத்தில் ‘நிலம்’ என்று இருந்தால் வாங்கலாமா?

கேள்வி: களியக்காவிளையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கழக்கூட்டத்தில் வேலை, மனைவி மார்த்தாண்டத்தில் ஆசிரியை. நெய்யாற்றின்கரைக்கு அருகே 1 ஏக்கர் 20 சென்டில் 14 வில்லாக்கள் கட்டப்போகிறார்கள். ஆறு சென்ட் இடமும் 1,450 சதுர அடி வீடும் சேர்த்து 62 லட்சம் ரூபாய். டோக்கனாக 50,000 கொடுத்துவிட்டோம். இந்த மாதத்துக்குள் 15 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள். ஆதாரத்தின் (கிரயப் பத்திரத்தின்) நகலில் சொத்து விவரத்தில் ‘நிலம்’ என்று இருக்கிறது. “நிலம் என்றால் பூமிதானே” என்று தரகர் சிரிக்கிறார். மாமனாரோ மார்த்தாண்டம் பக்கமே மனை வாங்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: தரகர் சிரித்த இடத்தில்தான் உங்கள் 62 லட்சமும் இருக்கிறது. தமிழில் நிலம் என்பது பூமிக்குப் பொதுப்பெயர். கேரள வருவாய்க் கணக்கில் அப்படியல்ல. அங்கே ‘நிலம்’ என்றால் நெல் வயல், அதாவது நம் கணக்கில் நஞ்சை. வீடு கட்டத்தக்க கரைப்பகுதியை, அதாவது மேட்டுப் பகுதியை, அங்கே ‘புரயிடம்’ என்று எழுதுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இராது. விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் வழிவந்த ஆட்சியில் இருந்ததால், குழித்துறை வட்டாரத்தின் பழைய ஆவணங்களிலும் புரயிடம், விலையாதாரம், ஒழிமுறி, தண்டப்பேர் என்ற சொற்கள் சாதாரணமாக வரும். இன்றைய தலைமுறைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அதைத்தான் தரகர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

ஆதாரத்தில் ‘நிலம்’ என்று இருப்பதாலேயே அந்த இடம் தீண்டத்தகாதது ஆகிவிடாது. ஆனால் 2008 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறையில் உள்ள கேரள நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது எந்த வகைக்குள் வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு கொடுக்கக் கூடாது. முதலில் வில்லேஜ் ஆபீஸில் பி.டி.ஆர். என்னும் அடிப்படை வரிப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஆதாரத்தில் எழுதியவர் என்ன எழுதியிருந்தாலும் இந்தப் பதிவேட்டில் உள்ள இனமே செல்லும். அதிலும் ‘நிலம்’ என்றே இருந்தால், அடுத்தபடியாக அந்தப் பகுதியின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குச் சென்று, அந்த பிளாக் நம்பரும் ரீசர்வே நம்பரும் ‘டேட்டா பேங்க்’ என்னும் நெல்வயல், நீர்த்தடப் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பட்டியலில் இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் இன்றும் நெல் வயல். அங்கே வில்லாக் குடியிருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உண்மையில் வயலாக இல்லாமல் தவறாகச் சேர்க்கப்பட்ட இடமானால், பட்டியலிலிருந்து நீக்கக் கோரிப் பாரம் (படிவம்) 5-இல் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கலாம், அப்போது 2008-இல் அந்த இடம் எப்படி இருந்தது என்பதைச் செயற்கைக்கோள் படத்தின் துணையோடு ஆராய்வதும் உண்டு. பட்டியலில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்று நிற்குமானால், 2018-இல் சேர்க்கப்பட்ட 27ஏ பிரிவின்படி பாரம் 6-இல் (50 சென்டுக்கு மேற்பட்ட இடமானால் பாரம் 7-இல்) விண்ணப்பித்து, இடத்தின் இனத்தை மாற்றும் தரம்மாற்ற ஆணை பெற்று, அந்த ஆணை வில்லேஜ் கணக்கிலும் ஏறிய பிறகே கட்டுமானத்துக்குப் போக வேண்டும். இரண்டுமே உடமையாளர் செய்ய வேண்டிய வேலை. வாங்கிய பிறகு நீங்கள் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவர் தம் தலைச்சுமையை உங்கள் தலைக்கு மாற்றுகிறார் என்று பொருள்.

இங்கே இரண்டு அரைகுறை உண்மைகள் உங்கள் காதில் விழக்கூடும். ஒன்று, 25 சென்ட் வரை தரம்மாற்றக் கட்டணம் இல்லை என்பது. சலுகை உண்மைதான், ஆனால் 2017 டிசம்பர் 30-க்குப் பிறகு பெரிய இடத்தைத் துண்டு போட்டு விற்றால் அந்தத் துண்டுகளுக்கு அது பொருந்தாது. ஒரு ஏக்கர் இருபது சென்டை ஆறாறு சென்டாகப் பிரிக்கும் உங்கள் திட்டத்தில் இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மற்றொன்று, சிறிய வீட்டுக்குத் தரம்மாற்ற ஆணையே வேண்டாம் என்பது. டேட்டா பேங்கில் சேராத இடத்தில், 4.04 ஆர் (சுமார் 10 சென்ட்) பரப்புக்குள், 120 சதுர மீட்டருக்கு மிகாத வீட்டுக்கு அப்படியொரு விலக்கு உண்டு. 120 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 1,292 சதுர அடி. உங்கள் வீடோ 1,450.

பத்திரப்பதிவு நடந்துவிடும் என்பதையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். வயலை விற்கத் தடையில்லை. ஆகவே சப்-ரிஜிஸ்திரார் பதிவு செய்துவிடுவார், போக்குவரவும் (பெயர் மாற்றமும்) நடக்கும், உங்கள் பெயரில் கரமும் (நில வரியும்) வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு அனுமதி கேட்டுப் பஞ்சாயத்தில் நிற்கும் நாளில்தான் கதவு மூடும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகள் தவறாமல் கரம் தீர்த்து, ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தது. கரம் தீர்த்த ரசீது உரிமைக்கோ, கட்டும் தகுதிக்கோ சான்றாகாது என்பதை அவர்களுக்குச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

தாள்களைப் பார்ப்பதற்கு முன்பே இடம் பலவற்றைச் சொல்லிவிடும். துலாமழை பெய்யும் ஐப்பசியில் ஒருமுறை அங்கே போங்கள். சாலையை விட மனை தாழ்ந்திருக்கிறதா, மேலே புதிதாகக் கொட்டிய செம்மண் மட்டும் பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். மண்வெட்டியால் ஒன்றரை அடி தோண்டச் சொல்லுங்கள். செம்மண்ணுக்குக் கீழே கறுத்த சேறு வந்தால் அது மூடப்பட்ட வயல். பக்கத்து இடத்தில் மரச்சீனியையும் வாழையையும் உயர்ந்த பணைகளில் (மண்மேடுகளில்) நட்டு, இடையில் நீர் நிற்க விட்டிருந்தால் அதுவும் ஓர் அடையாளமே. அருகில் உள்ள உறைக்கிணறு ஒன்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கவனியுங்கள். அனுமதியே கிடைத்தாலும், இத்தகைய மண்ணில் அஸ்திவாரச் செலவு கரைப்பகுதியைப் போல இராது. அது 62 லட்சத்துக்குள் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

இனி 15 சதவீதத்துக்கு வருவோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கேரளத்தின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான கே-ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும்; உங்களுடையது இந்த இரண்டு அளவையும் தாண்டிவிட்டது. பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதோ முன்பணம் வாங்குவதோ குற்றம். பதிவு இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு அதிகாரமில்லை. உங்கள் கணக்கில் அது 6 லட்சத்து 20 ஆயிரம். அவர்கள் கேட்பது 9 லட்சத்து 30 ஆயிரம். இந்தக் கேட்பே எனக்குச் சந்தேகம் தருகிறது. ஏழு வீடுகளை ஒரு பெயரிலும் ஏழு வீடுகளை இன்னொரு பெயரிலும் காட்டி, இது சிறிய திட்டம், பதிவு தேவையில்லை என்று சொல்லும் பழக்கமும் இருக்கிறது; பொது வழியும் கிணறும் ஒன்றாக இருந்தால் அந்தப் பிரிப்பு பெயரளவில்தான். கே-ரெராவின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் பதிவு செய்யப்பட்ட வரைபடமும் முடிக்க வேண்டிய தேதியும் தெரியும். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும், ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்பதும் பதிவான திட்டங்களில் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

மூலத்தைச் சரிபார்ப்பது இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர்கள் மட்டும் மாறும். இங்கே வில்லங்கச் சான்று என்பது அங்கே பாத்யதா சர்டிபிகேட். தாய்ப்பத்திரம் என்பது முன்னாதாரம். பட்டா என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே பட்டயம் என்பது அரசோ நிலத் தீர்ப்பாயமோ உரிமை வழங்கிய ஆவணம், அது எல்லா இடத்துக்கும் இருக்காது. நம் பட்டாவின் இடத்தில் அங்கே தண்டப்பேர்க் கணக்கையும் கைவசச் சான்றையும் பார்க்க வேண்டும். ஆதாரத்தில் பரப்பு ஆர் கணக்கில் இருக்கும். ஆறு சென்ட் என்பது சுமார் 2.43 ஆர். ஆவணம் முழுவதும் மலையாளத்தில் இருப்பதால், உங்களுக்கு மலையாளம் பேச வந்தாலும் படிக்க வராவிட்டால், விற்பவர் அழைத்துவரும் எழுத்தரிடம் விட்டுவிடாமல், நெய்யாற்றின்கரையில் வழக்காடும் ஒரு வழக்கறிஞரை நீங்களே அமர்த்திக்கொள்ளுங்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தை ஒட்டிப் புதிய சாலைகளுக்கு இடம் எடுக்கும் வேலைகள் நடப்பதால், அந்த சர்வே எண் எதிலாவது சிக்கியிருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லலாம்.

மாமனார் சொல்வதை முத்திரைக் கட்டணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம் சேர்ந்து 9. முப்பது லட்சம் மதிப்புள்ள மனைக்கு வித்தியாசம் முப்பதாயிரம்தான். மார்த்தாண்டம் பக்கமும் நஞ்சையை நிரப்பி மனை போட்டிருக்கிறார்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமற்ற மனை என்றால் பதிவிலேயே தடை வரும். ஆகவே அங்கும் டி.டி.சி.பி. என்னும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரமும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடும் பார்க்கத்தான் வேண்டும். எனக்குத் தோன்றுவது வேறு: கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை வந்த பிறகு, எல்லையை ஒட்டிய காரோடு, பாறசாலைப் பகுதிகளிலிருந்து உங்கள் அலுவலகமும் எளிதாகிவிட்டது, மனைவியின் பள்ளியும் தூரமில்லை. அந்தப் பகுதியில் பதிவேட்டிலேயே ‘புரயிடம்’ என்றுள்ள ஆறு சென்டை வாங்கித் தனியாக வீடு கட்டுவது, இந்த வில்லாவை விட உங்கள் இருவருக்கும் பொருத்தமாக இருக்கும்.

அந்த வில்லாவேதான் வேண்டும் என்று மனம் நிலைத்துவிட்டால், தரம்மாற்ற ஆணையும் திருத்திய பதிவேட்டு நகலும் கே-ரெரா எண்ணும் தந்த பிறகே முன்பணம் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்த 50,000-க்குப் பிளாக் நம்பர், ரீசர்வே நம்பர், வில்லாவின் எண் ஆகியவற்றுடன், ஆணை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுதிய ரசீது உங்கள் கையில் இருக்கிறதா? வெறும் பெயரும் தொகையும் மட்டுமே எழுதியிருந்தால், 15 சதவீதப் பேச்சு மறுபடி எழுவதற்குள் நாளையே போய் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.