கேளுங்கள்: துணை அதிபருக்குப் பிரசாரத்தில் என்ன வேலை?

கே: அமெரிக்காவில் அதிபரின் முகத்துக்குத்தானே ஓட்டு விழுகிறது? துணை அதிபரை ஏன் ஊர் ஊராக அனுப்புகிறார்கள்? (வாசகர், சேலம்)

ஒரே நாளில் இரண்டு மாநிலங்களில் மேடை ஏற இரண்டு பேர் வேண்டுமே! அதிபரை முடிவுசெய்வது மாநில வாரியாகப் பிரித்த 538 தேர்வாளர் ஓட்டுகள். 270 கிடைத்தால் வெற்றி. பெரும்பாலான மாநிலங்கள் எந்தப் பக்கம் என்பது முன்பே தெரியும். மிச்சமுள்ள சில மாநிலங்களில் எங்கே யார் பேச்சு எடுபடும் என்று பார்த்துத்தான் பயணத் திட்டம் போடுவார்கள்.

2012-ல் ஒபாமாவுக்கு ஓஹியோவின் 18 ஓட்டுகள் முக்கியம். அங்கே கார் தொழிலாளர்கள் அதிகம். பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் பிறந்த அன்றைய துணை அதிபர் பைடன், அவர்களிடம் சரளமாகப் பேசக்கூடியவர். "பின்லேடன் செத்துவிட்டார், ஜெனரல் மோட்டார்ஸ் உயிரோடு இருக்கிறது" என்று பின்லேடன் வேட்டையையும் கார் நிறுவனம் மீட்கப்பட்டதையும் சேர்த்துச் சொன்ன அவரது வரி நன்றாக ஓடியது. அக்டோபர் 3 விவாதத்தில் ஒபாமா சொதப்பியபோது, 11-ம் தேதி எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயனுடனான விவாதத்தில் சோர்ந்துபோன கட்சிக்காரர்களை நிமிர வைத்ததும் பைடன்தான்.

அதிபருக்குச் சங்கடமான விஷயத்தைப் பேசுவது இன்னொரு வேலை. பின்னாளில் அதிபரான பைடன் கத்தோலிக்கர்; கருக்கலைப்பு உரிமை பற்றிப் பேசத் தயங்குவார். அந்தப் பொறுப்பு அவரது துணை அதிபர் கமலா ஹாரிஸிடம் போனது. 2024 மார்ச்சில் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கருக்கலைப்பு மருத்துவமனைக்கே போய் வந்தார்.

வசைபாட அனுப்புவதும் உண்டு. 1970 நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலில் அதிபர் நிக்சன், தன் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூவை அப்படித்தான் இறக்கிவிட்டார். கைத்தட்டல் பலமாக இருந்தது. பிரதிநிதிகள் சபையிலோ அவர்கள் கட்சிக்கு 12 இடங்கள் போயின.

கே: துணை அதிபர் அரசு விமானத்தில் போய் ஓட்டுக் கேட்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

கேட்கலாம். பாதுகாப்பு காரணமாக அவர் விமானப்படை விமானத்தில்தான் போவார். அவர் ஏறும் விமானப்படை விமானம் எதுவானாலும் அதன் அழைப்புப் பெயர் 'ஏர்ஃபோர்ஸ் டூ'. காலையில் அரசு விழா, மாலையில் பொதுக்கூட்டம் என்றால் செலவைப் பிரிக்க வேண்டும். பிரசாரப் பங்கைப் பிரசாரக் குழு திருப்பிக் கட்டும். பாதுகாவலர் செலவு அரசுடையது.

சிக்கல் வருவது பெரும்பாலும் நன்கொடையில். 1996 தேர்தலுக்காக அன்றைய துணை அதிபர் அல் கோர் வெள்ளை மாளிகை அலுவலகத்திலிருந்தே போன் போட்டு நிதி கேட்டார். கலிஃபோர்னியாவில் ஒரு புத்த கோயில் நிகழ்ச்சியிலும் கலந்துகொண்டார். அங்கே துறவிகள் பெயரில் வந்த நன்கொடையைக் கோயிலே ஈடுகட்டியது பின்னால் அம்பலமானது. கோர் மீது வழக்கு இல்லை. ஆனால், அவரே அதிபர் பதவிக்கு நின்ற 2000-லும் எதிரணி இதை விடவில்லை.

கே: பைடன் திரட்டிய பணம் கமலா ஹாரிஸுக்கு எப்படிக் கிடைத்தது? (வாசகர், மன்னார்குடி)

கமலாவின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துக்குப் பக்கத்துக்காரர் கேட்காமல் இருப்பாரா! பிரசாரக் குழு இருவருக்கும் சேர்த்தே பதிவாகியிருந்தது. 2024 ஜூலை 21-ல் பைடன் போட்டியிலிருந்து விலகிய அன்றே குழுவின் பெயரை 'ஹாரிஸ் ஃபார் பிரசிடென்ட்' என்று மாற்றித் தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்தார்கள். கையிருப்பு சுமார் 9.5 கோடி டாலர். வேறொருவர் வேட்பாளராகியிருந்தால், பைடன் குழு அவருக்கு நேரடியாகத் தரக்கூடியது ஒரு தேர்தலுக்கு 2,000 டாலர்தான்; மீதியைக் கட்சிக்குக் கொடுத்துத்தான் சுற்றி வர வேண்டும். இந்தக் கைமாற்றம் செல்லாது என்று டிரம்ப் தரப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தது. அதற்காகப் பணம் நிற்கவில்லை, பிரசாரத்துக்குச் செலவாகிவிட்டது.