லினக்ஸில் தமிழ் கீபோர்டு: கேள்வி பதில்

கே: உபுண்டுவில் தமிழ்99 கீபோர்டு சேர்த்தேன். 'அம்மா' அடித்தால் புள்ளி விழவில்லை. விண்டோஸில் வந்ததே, அண்ணா?

ப: நீங்கள் சேர்த்தது எக்ஸ்கேபி (XKB), அதாவது லினக்ஸோடு வரும் சாதாரண லேஅவுட். ஒரு கீக்கு ஒரு எழுத்து, அதற்கு அவ்வளவுதான் தெரியும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்று திரும்பிப் பார்க்காது. தமிழ்99-க்கு அந்தப் பார்வைதான் உயிர். அ, ம, ம, ஆ என்று நான்கு கீ அடித்தால், இரண்டாவது ம விழும்போதே முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வர வேண்டும். பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, லாக்அவுட் செய்துவிட்டு வந்து, இன்புட் சோர்ஸ் பட்டியலில் பெயருக்குப் பின்னால் எம்17என் என்று போட்டிருக்கும் தமிழ்99-ஐச் சேருங்கள். பழையதை எடுத்துவிடலாம். ஆனால் இங்கிலீஷை மட்டும் நீக்காதீர்கள், அதுதான் முதலில் இருக்க வேண்டும்.

கே: லாக் ஸ்கிரீனில் பாஸ்வேர்டு ஏறவே மாட்டேன் என்கிறது.

ப: தமிழ் லேஅவுட்டில் நிற்கிறது. திரையில் மொழிக் குறி தெரியும், அதைத் தொட்டு இங்கிலீஷுக்கு மாற்றுங்கள். அந்தப் பட்டியலில் இங்கிலீஷ் இல்லாவிட்டால் திண்டாட்டம், அதனால்தான் மேலேயே சொன்னேன்.

கே: டெஸ்க்டாப் கேடிஇ, திரையை இயக்குவது வேலண்ட். ஐபஸ் ஓடுகிறது, தமிழ் வரவில்லை.

ப: சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்துக்குப் போய் ஐபஸ் வேலண்டைத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்து, திரையில் வரும் கீபோர்டு என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கே: மேற்கோள் குறியை ஒரு முறை அடித்தால் வருவதில்லை.

ப: யூஎஸ் இன்டர்நேஷனல் லேஅவுட்டின் டெட் கீ, அடுத்த கீ விழும்வரை காத்திருக்கும். அதே லேஅவுட்டின் ஆல்ட்ஜிஆர் (AltGr) வகைக்கு மாறுங்கள்.

கே: எனக்கும் புள்ளி விழவில்லை.

ப: முதல் பதில்.

கே: ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கும் போனெடிக் இருக்கும்போது தமிழ்99 எதற்கு சார்?

ப: 'வணக்கம்' அடித்துப் பாருங்கள். போனெடிக்கில் எட்டுக் கீ, நடுவில் ண-வுக்கு ஷிப்ட் வேறு. தமிழ்99-இல் வ, ண, க, க, ம, புள்ளி, ஆறுதான். ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனிக் கீ. 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசே ஏற்ற தளக்கோலம் இது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழை ஆங்கில எழுத்தில் யோசித்துவிட்டுத் திரும்பத் தமிழாக்க வேண்டியதில்லை.

கே: அப்படியென்றால் 'பப்பாளி' ஏன் தப்பாக வருகிறது?

ப: நியாயமான கேள்வி. முதல் ப-வுக்குப் பிறகு அ அடியுங்கள்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. அந்த அ புள்ளியைத் தடுக்கும். ஒரு வாரம் தடுமாறும், அப்புறம் விரல் தானாகப் போகும். மாதத்துக்கு நாலு வரி அடிப்பவர் போனெடிக்கிலேயே இருக்கட்டும், தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவர் அதில் இருப்பதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

கே: இங்கிலீஷை நீக்கிவிட்டேன், இப்போது?

ப: உள்ளே நுழைய முடிந்தால் உடனே திரும்பச் சேருங்கள். முடியாவிட்டால் லாக் ஸ்கிரீனிலிருந்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அடித்து, எழுத்து மட்டும் தெரியும் கன்சோலில் நுழைந்து பாருங்கள்.