கேம் அப்டேட் தள்ளிப்போனால் ஏன் இவ்வளவு கோபம்?

"லேட்டானாலும் நல்லதாகத்தானே வரும், எதற்கு இந்தக் கூச்சல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, கோபம் தாமதத்தின் மேல் இல்லை; கடைசி நேரத்தில் சொல்வதன் மேல்தான். வேளச்சேரியில் என் தம்பி ஒரு அப்டேட்டுக்காக ஆபீசில் லீவு போட்டு, லேப்டாப்பில் இடம் பிடிக்கக் கல்யாண வீடியோவையே அழித்தான் (அவன் மனைவிக்கு இன்னும் தெரியாது). முதல் நாள் ராத்திரி 'தள்ளிவைக்கிறோம்' என்று ஒற்றை வரி வந்தது.

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் 2020இல் மட்டும் மூன்று முறை தள்ளிப்போய், டிசம்பர் 10இல் பிழைகளோடு வந்தது. 2021 பிப்ரவரியில் அதன் 1.2 பேட்ச்சை (பிழைகளைச் சரிசெய்யும் அப்டேட்டை) தள்ளியபோது, கேமைத் தயாரித்தவர்கள் ஹேக்கர் தாக்குதல் என்று காரணமும், மார்ச் பிற்பாதி என்று கெடுவும் சொன்னார்கள். மார்ச் 29இல் வந்தும்விட்டது. ஆனாலும் சூடுகண்ட பூனைகள் உடனே நம்புமா?

என் தம்பி திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி லீவு கேட்டிருக்கிறான்.