ஒரு வரிதானே என்பவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை வாசிக்கிறோம். சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் வாசித்த கவிதை எல்லோருக்கும் பிடித்திருந்தது. கைதட்டல் வாங்கித் தந்தது அதன் கடைசி வரி. கொழுந்துக் கூடையைப் பற்றிய அந்த வரியை நான் முன்பே படித்திருக்கிறேன். கூடலூர்ப் பக்கம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் எழுதிய சிறு தொகுப்பில் அது அப்படியே இருக்கிறது. நண்பரிடம் தனியாகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "சங்கப் பாட்டு வரியை எத்தனை பேர் எடுக்கிறார்கள், யார் பெயர் போடுகிறார்கள்? பக்குவப்பட்ட கவிஞன் திருடுவான் என்று எலியட்டே சொல்லியிருக்கிறாரே" என்றார். ஒரு வரிதானே என்கிறார்கள் மற்றவர்களும். இது திருட்டா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோத்தகிரி
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

திருட்டுதான். நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. அந்த வரியை நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை எழுதியவரைக் கேட்காமல் வெளியிடக் கூடாது என்பதால் எடுத்துவிட்டேன்.

ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1920இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் இருக்கிறது அந்த வாசகம். மோசமான கவிஞர்கள் எடுத்ததைச் சிதைக்கிறார்கள், நல்ல கவிஞர்கள் அதை மேலான ஒன்றாக, குறைந்தபட்சம் வேறொன்றாக ஆக்குகிறார்கள் என்று அங்கேயே தொடர்கிறார். நல்ல கவிஞன் பெரும்பாலும் காலத்தால் தொலைவில் உள்ளவர்களிடமோ, வேற்று மொழியிலோ, வேறு நாட்டம் கொண்டவர்களிடமோதான் எடுப்பான் என்றும் சொல்கிறார். உங்கள் நண்பர் எடுத்தது இன்று எழுதிக்கொண்டிருப்பவரிடம், இதே தமிழில், இதே மாவட்டத்தில். எடுத்ததை வேறொன்றாக ஆக்கவும் இல்லை. அங்கே கடைசி வரி, இங்கேயும் கடைசி வரி. எலியட் தன் நெடுங்கவிதையை 1922இல் நூலாகக் கொண்டுவந்தபோது, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பின்குறிப்புகள் சேர்த்தார். அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சங்கப் பாட்டு விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடிய அம்மூவனாரும் குறிஞ்சி பாடிய கபிலரும் ஆளுக்குப் பத்துப் பாட்டை 'அம்ம வாழி தோழி' என்றே தொடங்குகிறார்கள். யாரும் யாரிடமும் திருடவில்லை. அது பாணர்களின் வாய்மொழி மரபிலிருந்து வந்த பொதுச் சொத்து. இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம் மலையிலேயே இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளான தொதவரின் பாடல்களை 1930களில் இங்கே தங்கிப் பதிவுசெய்த மொழியியலாளர் எமனோ, அவற்றை 1971இல் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். வழிவழியாக வரும் இணைத் தொடர்களைக் கோத்துத்தான் தொதவர் பாட்டுக் கட்டுகிறார்கள். மந்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில், ஒரு சாவு, ஒரு சடங்கு, எருமை, மலைச்சரிவு, எதைப் பாடினாலும் தொடர்கள் கேட்பவர்களுக்குத் தெரிந்தவை. கோக்கும் விதத்தில்தான் பாடுபவரின் திறமை. அங்கே போய் இது யாருடைய வரி என்று கேட்டால் நாம்தான் தெரியாதவர்கள்.

கேட்பவருக்குத் தெரியும் என்பதுதான் இதில் முக்கியம். நீலகிரியில் குறிஞ்சி பூக்கும்போது ஒருவர் 'பெருந்தேன் இழைக்கும்' என்று தன் கவிதையில் எழுதினால், குறுந்தொகை மூன்றாம் பாட்டு வாசகரின் மனத்தில் எழ வேண்டும் என்றே எழுதுகிறார். எழாவிட்டால் அவருக்குத்தான் நஷ்டம். உங்கள் நண்பருக்கோ, கூட்டத்தில் யாருக்கும் அந்தத் தொகுப்பு தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்த ஒருவர் இருந்ததால்தான் இந்தக் கடிதமே வந்திருக்கிறது. எடுத்தவர் வாசகர் கண்டுகொள்ள வேண்டும் என்று விரும்பினாரா, கண்டுகொள்ளக் கூடாது என்று விரும்பினாரா? நான் இதை மட்டும்தான் பார்ப்பேன். ஒரு வரியா பத்து வரியா என்று எண்ண மாட்டேன்.

நம் மரபு ஒரு வரியை எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதற்கும் குறுந்தொகையே சாட்சி. 'செம்புலப் பெயல்நீர் போல' என்று எழுதியவரின் பெயர் தொலைந்துவிட்டது. தொகுத்தவர்கள் அவரைச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். அதற்கு அடுத்த பாட்டை எழுதியவர் அணிலாடு முன்றிலார். 'கல்பொரு சிறுநுரை' என்றவர் கல்பொரு சிறுநுரையார். பெயர் கிடைக்காதபோது அவரவர் வரியிலிருந்தே ஒரு பெயரை எடுத்து அவரவருக்குக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். நூலின் அட்டையிலேயே பெயர் அச்சாகியிருக்கும் ஒருவரிடமிருந்து வரியை மட்டும் உருவிக்கொள்வதை அந்த மரபின் பேரில் எப்படி நியாயப்படுத்துவது?

பெயர் போட்டால் கவிதை கெட்டுவிடும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். மணிமேகலையில் சாத்தனார் 'தெய்வம் தொழாஅள்' குறளை ஏறக்குறைய முழுதாக எடுத்துவைக்கிறார். வைத்த கையோடு, 'என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்' என்கிறார். வள்ளுவர் பெயர்கூட இல்லை. ஆனால் இது என்னுடையதல்ல, அந்தப் பொய்யில் புலவனுடையது என்பது பாட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. காப்பியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. ஒரு வரிக்காக யாரும் நீதிமன்றம் போக மாட்டார்கள், போகவும் வேண்டாம்.

எனக்கு இதில் மனம் கனப்பது வேறொரு காரணத்தால். இந்திய, இலங்கை அரசுகள் 1964ஆம் ஆண்டு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பிரிந்து வந்த குடும்பங்கள் பல நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் வந்து சேர்ந்தன. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடு, காலைப் பனி, அட்டைக்கடி, நிறுவைக்குக் காத்திருத்தல் எல்லாம் மறுபடியும். பாட்டி, அம்மா என்று தலைமுறை தலைமுறையாகத் தலையில் கயிறு பதியச் சுமந்த கூடை அது. அதிலிருந்து ஒரு பெண் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவருக்கு விருது இல்லை, மேடை இல்லை, பெரிய பதிப்பகம் இல்லை. பெயர் தெரியாதவருக்குத்தான் பெயரைச் சொல்லும் கடமை நமக்கு அதிகம். கம்பன் வரியை எவன் எடுத்தாலும் கம்பனுக்குக் குறைவில்லை.

படித்த வரி மனதில் ஊறிக் கிடந்து, நம்முடையதுபோல ஒருநாள் வெளியே வருவதும் உண்டு. அதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறொருவருடைய வரி என்று நாம் சொன்ன பிறகு, எழுதியவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். உங்கள் நண்பருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நியாயமும் தயாராக வைத்திருந்திருக்கிறார்.

அவரை முகநூலில் இழுத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் இன்னொரு முறை தனியாகப் பேசுங்கள். கவிதைக்கு அடியில் 'கடைசி வரி இன்னாருடையது' என்று அவர் கையாலேயே எழுதட்டும், கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும். எங்காவது அச்சுக்கு அனுப்பியிருந்தால் இதழாசிரியருக்கு இன்றே தெரிவிக்கட்டும். அவர் மறுத்தால், அந்தத் தொகுப்பைக் கொண்டுபோய் அந்தக் கவிதையை முழுதாக, எழுதியவர் பெயரோடு நீங்கள் வாசியுங்கள். கூடலூரிலிருந்து அவரால் வர முடியுமென்றால் போகவரச் செலவு கொடுத்து அழையுங்கள். தொகுப்பு எங்கே கிடைக்கும் என்று எனக்கும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்.